பதினாறு விநாடி

பள்ளத்தூரில் மாடியறை.
தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே என் மேசை,
இரண்டு திரை, ஒரு இன்வெர்ட்டர்.
இங்கிருந்துதான் மாலத்தீவுக்குச் சொல்கிறேன்,
நாளை எந்தத் திட்டில் எத்தனை மணிக்கு
அலை எழும்பும் என்று.

அலை பிறப்பது அங்கேயில்லை.
நாற்பது பாகைக்கும் தெற்கே, கப்பல் போகக் கூசும் நீரில்
ஒரு புயல் இரண்டு நாள் கத்திவிட்டுச் செத்துப்போகும்.
அதன் பிறகு ஐந்து நாள் நடை.
வழியில் யாரோடும் பேச்சில்லை.
குட்டை அலைகள் களைத்துப் பின்தங்க
நெடுமூச்சுக்காரர்கள் மட்டும் முன்னால் வந்து சேர்வார்கள்,
பதினாறு விநாடிக்கு ஒருவராக,
பவளப்பாறையில் கால் இடறி
முதல்முறையாக நிமிர.

அந்த ஒரு நிமிர்வுக்குத்தான்
பலகையும் பணமும் சுமந்துகொண்டு
எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

படகுக்காரர்கள் வைத்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை.
என் கோப்பில் வேறு பெயர்கள்.
தேவகோட்டை பஸ்: தாமதமாக வரும், நிறைந்து வரும்,
கைகாட்டினால் நிற்காது.
கல்யாணப் பந்தி: முதல் வரிசை எழுவதற்குள்
அடுத்த வரிசை முதுகுக்குப் பின்னால் நிற்கும்.
பங்காளி: இடப்பக்கம் அழகாக விரிந்து வந்து
கடைசியில் மொத்தமாக மூடிக்கொள்ளும்.

அலி மனிக்கு படகோட்டி. தூத்துக்குடித் துறையில் பழகிய தமிழ்.
"பங்காளி இன்னைக்கு எப்படி?" என்று
அவனும் கேட்கத் தொடங்கிவிட்டான்.
ஒருநாள் கேட்டான்:
"சிகப்பி, நீ அலையில நின்னிருக்கியா?"

எங்களுக்குக் கடல் என்றால் தொண்டி.
ஒன்றரை மணி நேரப் பயணம்.
இலங்கை குறுக்கே படுத்துக்கொண்டு
வருவதையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும்.
மிச்சமாக எங்கள் கரைக்கு வருவது
ஈரத்துணியை மடித்து வைக்கிற அசைவு.
கணுக்கால் வரை நின்றிருக்கிறேன் என்றேன்.
அவன் சிரிப்புக்குப் பின்னால் டீசல் என்ஜின் ஓடியது.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
"மூன்று அடி, பதினொரு விநாடி, புதியவர்களுக்கு ஏற்றது."
நான் எழுதியது.
மனிக்கு ஒரு பையனை இறக்கிவிட்டான், வயது பத்தொன்பது.
பத்து மணிக்கு அடிவானம் தடித்தது.

பெரிய புயலின் நிழலில் சின்னதாய் இன்னொன்று இருந்திருக்கிறது.
வரைபடத்தில் நகக்கீறல் அளவு.
பார்க்காமல் விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.
பார்த்தேன்.
பார்த்து, ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

ஏழு அலை. மூன்றாவதில் காறையெலும்பு,
ஐந்தாவதில் பாறை முதுகைச் சீவியது.
மாலேயில் ஆஸ்பத்திரி.
நிறுவனத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை.
'முன்னறிவிப்பு உத்தரவாதம் ஆகாது' என்று
ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும்
பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே.

சாயங்காலம் கரண்ட் போனது. ஊரணி வரை நடந்தேன்.
செம்புராங்கல் படிகள், பாதி நீர்.
ஒரு எருமை இறங்கியது, அவசரமில்லாமல்.
அது அமிழ்ந்த இடத்திலிருந்து வளையங்கள் கிளம்பின.
கை தானாக எண்ணியது. விநாடிக்கு ஒன்று.

உடைந்த படியின் மூலையைத் தொட்டதும் வளையம் திரும்பியது.
ஆழமில்லாத பக்கம் தயங்க, மறுபக்கம் ஓட,
வலப்புறமாக உரிந்துகொண்டே போனது
கடைசிவரை மூடிக்கொள்ளாமல்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.
எருமை புரண்டு படுத்தது. இன்னொரு வரிசை வந்தது.

மனிக்குவுக்கு எழுதினேன்:
"ஊரணி. அரை அங்குலம், ஒரு விநாடி.
மேற்குக் காற்று, இதம். வலது.
எருமை இருக்கும்வரை."

இரவு பதில் வந்தது:
"வரிசையில எத்தனை பேரு?"
"ஒருத்தருமில்லை."
"கிளம்பிட்டேன்."

பையனைப் பற்றி அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
கரண்ட் வந்து திரைகள் ஒவ்வொன்றாய் விழித்தன.
தெற்கே, நாற்பத்தைந்து பாகையில்,
ஒரு நகக்கீறல்.
பெரிதாக்கினேன்.