மூன்றாம் பிரதி

ஒத்தக்கடை தாண்டி, உயர் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில்
தகரக் கூரையின் கீழே என் ஜெராக்ஸ் கடை.
பின்னால் யானைமலை.
முன்னால், ஏழு வாசலில் ஐந்தைப் பூட்டிக்கொண்ட நீதி.

பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று
சுவரில் எழுதிப்போட்டவன் என் புருஷன்.
அதை அடித்து மூன்று, அதை அடித்து ஏழு,
இப்போது சுவரில் எதுவும் எழுதுவதில்லை.
காகிதமும் முன்போல இல்லை;
இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கம் தெரிகிறது.

கல்யாணப் பத்திரிகை, சாதிச் சான்று எல்லாம் குறைந்துபோய்
இரண்டு வருஷமாய் ஆட்கொணர்வு மனுதான்.
கோர்ட்டுக்கு ஒன்று. வக்கீலுக்கு ஒன்று.
மூன்றாவது ஸ்டேஷனுக்கு.
புது ஆணை அது. ஒட்டியிருக்கிறேன்,
சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒட்டச் சொன்ன உயரத்தில்.
சாயந்திரம் ஏட்டு சிங்கராசு வருவார்,
மிஷினின் மீட்டரைப் பார்ப்பார், நோட்டைப் பார்ப்பார்.
கணக்கு இடித்தால் கடை இருக்காது.
நல்ல மனுஷர். என் மகளுக்குப் பரீட்சையன்று
பேனா வாங்கிக்கொடுத்தார்.

வாலாந்தூர் ஒச்சாயி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மூத்த மகன் சுருளிநாதன்.
ரேஷன் அரிசி மூட்டைகளை எண்ணி
சாவடிச் சுவரில் கரியால் எழுதியவன்:
வந்தது இத்தனை, கொடுத்தது இத்தனை.
கழித்தல் தவிர வேறொன்றும் எழுதவில்லை.
விடியுமுன் நம்பர் இல்லாத வேன்.

மிஷின் தள்ளிய தாளை எடுத்துக்
கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.
"சூடா இருக்கே தாயி."
எல்லாத் தாளும் அப்படித்தான் வரும் என்று
நான் சொல்லவில்லை.

மூன்றாவதும் அதே சூட்டோடு போனது, ஏட்டையா கைக்கு.
அதில் விலாசம் இருந்தது. சாட்சி என்று
இளையவன் கொண்டல்சாமியின் பெயர் இருந்தது.
பத்தாம் நாள் அவனையும் காணோம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாலு வாரம் கழித்துப் பதில் வந்தது.
பிரதி எடுக்க என்னிடமே கொண்டுவந்தாள்.
'சுருலிநாதன் என்ற பெயரில் எவரும்
எங்கள் காவலில் இல்லை.'
சின்ன லி.
மனுவைத் தட்டிய குமாஸ்தாவின் விரல் வழுக்கிய லி.
அரசாங்கம் பொய் சொல்லவில்லை பாருங்கள்.
ஒரு எழுத்துக்குப் பின்னால் ஒரு ஆளை
ஒளித்துவைக்கலாம் என்று கண்டுகொண்டது, அவ்வளவுதான்.
"என்ன தாயி போட்டிருக்கு?"
"தேடுறாங்களாம்" என்றேன்.

இப்போதெல்லாம் நாளுக்கு ஒன்பது மணிநேரம் கரண்ட் இல்லை.
நிலக்கரி, மழை, பகை நாடு என்று
மாதத்துக்கொரு காரணம் சொல்கிறது ரேடியோ.
கரண்ட் போனால் மீட்டர் ஓடாது.
ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு
செல்போன் வெளிச்சத்தில்
மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறேன்:
பெயர், ஊர், கடைசியாகப் பார்த்த நேரம்,
போட்டிருந்த சட்டை.
இருநூற்றுப் பதினொன்று.
புண்ணியம் ஒன்றும் இல்லை.
கொண்டல்சாமியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை;
அண்ணன் பெயருக்குக் கீழே ஒரு வரியைக்
காலியாய் விட்டு அடுத்ததுக்குப் போகிறேன்.

பின்னாலிருக்கிற மலையில், கல்லில் படுக்கை வெட்டிய இடத்தில்,
இரண்டாயிரம் வருஷமாய் யார் யார் பெயரோ
அப்படியே இருக்கிறதாம். ஏறிப் பார்த்ததில்லை.
வெட்டியவனுக்கு ஏட்டு இல்லை போலும்.

நேற்று ராத்திரி ஷட்டருக்குக் கீழே குனிந்து
ஒச்சாயி உள்ளே வந்தாள்.
"எம்மகன் பேரை எழுதிருக்கியாமே."
யார் சொன்னது என்று கேட்கவில்லை.
விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன், பெரிய ளி.
தடவினாள். "இது சூடா இல்ல."
விரல் தானாய் ஒரு வரி கீழே இறங்கி
வெறும் தாளில் நின்றது.
"இது யாரு?" என்றாள்.

அப்போது கரண்ட் வந்துவிட்டது.
மிஷின் ஒருமுறை முனகி
பச்சை விளக்கைப் போட்டு
எண்ணத் தயாராக நின்றது.