இருபத்தாறாவது தாள்

மூக்கில் ஏறியது சாதாரணக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.
விளிம்பின் உள்பக்கம் நாலு சிறு கேமரா.
காதுக்குப் பின்னால் ஒரு ஒயர் இறங்கி
இடுப்பில் செருகிய பெட்டிக்குப் போகிறது.
"அட்டையில உள்ள கறுப்புப் புள்ளியைப் பாருங்க டீச்சர்,
தலையை ஆட்டாம" என்றாள் ரிஸ்வானா பர்வீன்.
மேலப்பாளையத்துப் பிள்ளை, இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி.
மூளை களைக்கிறதை
கண் முந்திக்கொண்டு சொல்லிவிடுமாம்.

பாளையங்கோட்டை, ஏப்ரல்.
பத்தாம் வகுப்பு அறிவியல் தாள் திருத்தும் முகாம்.
காலையில் பதினைந்து, மதியத்துக்கு மேல் பதினைந்து.
எனக்கு வாய்த்தது மேற்கு ஜன்னல்.
பெயர் வெயிலுகந்தாள் என்பதாலோ என்னவோ
யாரும் இடம் மாற்றித் தர முன்வரவில்லை.

"எம்மா, அது எங்களையும் பார்க்குமா?"
எதிர் மேசை ஆவுடையப்பன் சார் கேட்டார்.
பார்க்காது. முன்பக்கக் கேமராவை அணைத்தாயிற்று,
முகாம் அலுவலர் போட்ட நிபந்தனை.
தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.
என் கண் எங்கே போனது, எங்கே நின்றது,
பாவை எவ்வளவு விரிந்தது,
இமை எத்தனை நேரம் மூடிக் கிடந்தது,
அவ்வளவுதான்.

கண்ணை இமை காக்கிற மாதிரி என்று
இருபத்தோரு வருஷமாய்
கண் பாடம் நடத்தும்போதெல்லாம் சொல்லி வருகிறேன்.
காக்கிற இமையே காட்டியும் கொடுக்கும் என்று
பாடத்தில் இல்லை.

ஐந்தரைக்கு, கட்டை ஒப்படைத்த பிறகு,
லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.
பகல் முழுவதும் ஒரு நீலக் கோடாய் ஓடிக் கிடந்தது.
பதினோரு மணி டீ ஒரு சின்ன மேடு.
சாப்பாட்டுக்குப் பிறகு வழுக்கல்,
ஆற்றுப் படித்துறையில் பாசியை மிதித்த கால் மாதிரி.

"இங்க என்ன நடந்துச்சு டீச்சர்?
பத்தொன்பதாவது தாள்.
பாவை திடீர்னு விரிஞ்சிருக்கு. களைப்புல இப்படி வராது."
உடனே ஞாபகம் வந்தது.
மனிதக் கண் படம். கார்னியா, லென்ஸ், விழித்திரை,
அம்புக்குறி எல்லாம் சரி.
அதற்கப்புறம் அந்தப் பிள்ளை, ஆணோ பெண்ணோ,
மேலே வரிசையாக இமைமயிர் வரைந்திருந்தது.
புத்தகத்துப் படத்தில் இமைமயிர் கிடையாது.
விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.
ஒரு கண் என்னைப் பார்த்தது.
நானும் பார்த்திருக்கிறேன் போல.

சிரித்துக்கொண்டே விரலை வலப்பக்கம் நகர்த்தினாள்.
"இது இருபத்தாறு."
மற்ற பக்கங்களில் புள்ளிகள்
சர்க்கரை சிந்திய இடத்து எறும்பாய் மொய்த்திருந்தன.
இதில் பக்கத்துக்கு நாலைந்து.
ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே தாவல்.
ஒவ்வொரு இமைப்பும் பாதித் தூக்கம் நீளம்.
"கண்ணு போயிருக்கு டீச்சர். நீங்க போகலை."
அவளுக்கு அது நல்ல தரவு.
மூன்று நாளாய் இதற்குத்தான் காத்திருந்தாளாம்.

யோசித்துப் பார்த்தேன்.
இருபத்தைந்தில் சாய்ந்த கையெழுத்து, பச்சை நூல்.
இருபத்தேழில் மழைநீர் சேகரிப்பு
மலைநீர் சேகரிப்பு ஆகியிருந்தது.
பொதிகைக்குக் கீழே அது பெரிய பிழையும் இல்லை.
நடுவில் ஒன்றுமில்லை.
ஆனால் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.
கூட்டியிருக்கிறேன்.
கையெழுத்தும் என்னுடையதுதான்.

கோமதிநாயகம் சாரிடம் போய் நின்றேன்.
"கட்டு அப்பவே மாடிக்குப் போயாச்சே.
கூட்டல்ல பிழையா?"
இல்லை.
"பின்னே என்னத்துக்கு?"

முன்னீர்பள்ளம் வரை பஸ்ஸில்
விரலில் ஒட்டிய சிவப்பு மையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கண்ணாடி ஆவுடையப்பன் சார் மூக்கில்.
நாலு மணி வெயில் என் மேசைக்கு வந்தது.
இருபத்தாறாவது தாளை எடுத்ததும்
வரிக்கு அடியில் விரல் வைத்துக்கொண்டேன்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுகிற மாதிரி.
இது நேற்றைய தாள் இல்லை.
தெரியும்.
ஐந்தே முக்கால் பஸ் போயிற்று.