வளர்ச்சி இல்லை

நைட் ஷிஃப்டில் இரண்டு நாற்பதுக்கு வந்தது.
அவர்கள் ஊரில் அப்போது சாயங்காலம்,
வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்
யாரோ என்னை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
"அன்புள்ள பெனினா."
அன்பில் ஆரம்பித்தால்
இரண்டாம் பத்தி எனக்குத் தேவைப்படுவதில்லை இப்போதெல்லாம்.
இரண்டு மாதம் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்தார்கள்.
காட்பாடி வண்டிக்காவது
சார்ட் போடுமுன் எத்தனையாவது ஆள் என்று தெரியும்.

பதினேழு.
நான்கு வருடத்தில்.
பெங்களூர் இரண்டு, ஹைதராபாத் ஒன்று,
மிச்சமெல்லாம் டாலர்.
அண்ணன் ஏனோஸ் கணக்குப் போட்டான்:
"இந்தக் காசுக்குப் பழைய ஆக்டிவா ஒண்ணு வந்திருக்கும்.
எங்கயாவது போயாவது இருப்ப."

மதிப்பெண் சான்றிதழுக்குச் சேர்க்காட்டுக்கு
வருடா வருடம் பஸ் ஏறினேன்.
உறையை ஒட்டி முத்திரை குத்தும் கிளார்க்
"மறுபடியுமா" என்று கேட்டதில்லை.
நான்காம் முறை,
நான் உட்காருமுன்னே
கோந்து டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.
கேட்டிருக்கலாம்.

விமலாதித்தன் சார்
போன வருடச் சிபாரிசையே தேதி மாற்றி அனுப்பினாராம்.
அதில் நான் இன்னும்
அண்மையில் படிப்பை முடித்தவள்.

கூடப் படித்த தமயந்திக்குக் கிடைத்தது.
வழியனுப்பக் காட்பாடி போனேன்.
இரண்டு நிமிடம் நின்றது ரயில்.
வாழ்த்தியது நிஜம்.
மேம்பாலப் படியேறும்போதுதான் அது வேறொன்றாக மாறியது.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஊருக்கு ஒரு சொலவடை உண்டு:
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்.
சாமி திரும்பி வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.
ஒரு நவம்பரில் பாலாறு
பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது.
ராஜா ஒருத்தர்தான் பாக்கி.
சொலவடையை மட்டும் யாரும் திருத்தவில்லை.

என் வேலை என்னவென்றால்
தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"வளர்ச்சி இல்லை" என்று டைப் அடிப்பது.
ஒரு ஷிஃப்டுக்கு அறுபது, எழுபது தடவை.
அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு
எங்கோ ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ ஒரு வீடு
அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடும்.
நானும் பதில் அனுப்புகிறவள்தான்.
அன்புள்ள போடுவதில்லை, அவ்வளவே.

காசநோய் பாட்டில்கள் வேறு ரகம்.
பாசிப்பச்சைச் சரிவில் தடவி வைத்து
வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.
மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை.
ஐந்தாம் வாரமும்.
எட்டு முடியாமல் இல்லையென்று எழுத விதி இடம் தராது.
சிலது ஏழாவதில்
ரொட்டித் துகள்போல் எட்டிப் பார்க்கும்.
பெரும்பாலும் பார்க்காது;
காலியாகவே போய்ச்சேரும் வேகவைக்கும் பாத்திரத்துக்கு.
அப்படியே வந்தாலும்
வந்தது ஒருவருடைய இருமல், ஒருவருடைய ரத்தம்.
ஆகவே உவமையை இத்தோடு விடுகிறேன்.

"சிறு வயது முதலே விஞ்ஞானத்தின் மீது"
என்று தொடங்கும் என் நோக்க உரையை
மூன்றரை மணிக்குத் திறந்து
அந்த வரியை அழித்தேன்.
பொய்.
சிறு வயதில் எனக்கு
கண்டக்டர் ஆகி விசில் ஊத ஆசை.

உண்மை இது:
ஒரே மருந்து, ஒரே சூடு, ஒரே கண்ணாடி,
ஒன்று இரண்டாம் வாரத்தில் வருகிறது,
பக்கத்தில் இருப்பது ஏன் ஏழு வரை இழுக்கிறது?
எனக்குத் தெரியவில்லை.
கேட்ட மூன்று பேருக்கும் தெரியவில்லை.
செப்டம்பரில் மறுபடி திறப்பார்கள்.
இந்தக் கேள்வியை முதல் வரியாக வைத்தேன்,
ஒரு காற்புள்ளியை எடுத்தேன், திரும்பப் போட்டேன்.

விடிந்துவிட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பாட்டிலைப் பழையபடி படுக்கவைத்து
இன்குபேட்டரை மூடினேன்.
உள்ளே முப்பத்தேழு.
வெளியே இன்றைக்கு நாற்பத்திரண்டு என்கிறார்கள்.