மீட்டருக்கு இவ்வளவு

முதல் துறையில் வெந்நீர்க் குளியலறை, கேமரா,
மிதக்கும் நடைபாதை.
விலையைக் கேட்டதும் ஹெய்ல்கே
படகையே விற்றுவிடலாம் என்றாள்.

இரண்டாவது மலிவு. தெற்குக்காற்றுக்கு
வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

பிரெவேசா தாண்டிச் சேற்று வழியில் மூன்றாவது.
அரிஸ்தோமெனிஸ் விலை சொல்லுமுன்
ஒரு படகின் இரும்பு முட்டை உதைத்துக் காட்டினார்.
அசையவில்லை.
முட்டுக்கு முட்டு சங்கிலி.
எங்கள் பத்தரை மீட்டரைப் பத்து என்றேன்.
சிரிக்காமல் டேப்பை எடுத்தார்.

ஹெய்ல்கேதான் பார்த்தாள்:
பின்வரிசைப் படகொன்றின்
சுக்கான் பக்கமிருந்து அத்திமரம்.
யாருடையது?
"பெல்ஜியக்காரர். வசந்தத்தில் வருவதாகச் சொன்னார்."
எந்த வசந்தம் என்று
நாங்கள் கேட்கவில்லை.

பாய்களை இறக்கினோம்.
டீசலை விளிம்புவரை நிரப்பினோம்.
எலிக்கு அஞ்சி பிஸ்கட் துகள்வரை துடைத்தாயிற்று.
ஆறு மாதப் பணத்தை
ஈரக்கையால் எண்ணி வாங்கி
சட்டைப்பைக்குள் திணித்தார் மனிதர்.

ஏணியில் கால் வைக்குமுன் திரும்பிப் பார்த்தேன்.
கழுவுதொட்டியில் காபிக் கறையோடு
ஒரு கோப்பை.

மறந்துவிட்டாயே என்றேன்.

இல்லை என்றாள் ஹெய்ல்கே.
பலகையைச் செருகிப்
பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தாள்.