ஈறு கெட்ட

முப்பத்தாறு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டேன்,
செம்பூரில், பதினெட்டுத் தவணைக்கு.

வடாபாவின் ஒரு துணுக்கு
வடாலா வரை கூடவே வந்தது.
துழாவித் துழாவி நாக்கு ஓய்ந்தது.

மூன்றாம் மாதம் ஈறு வீங்கிக்
கம்பிமேல் ஏறி உட்கார்ந்தது,
லோக்கல் ரயிலில் நாலாவது ஆளாக
இடுப்பால் இடித்து இடம்பிடிப்பவளைப் போல.
காலையில் துப்பினால்
வாஷ்பேசினில் ரோஸ் நிறம்.

"பல் சொன்னபடி நகரும்.
ஈறு கோபித்துக்கொள்ளும்" என்றார் டாக்டர் பருளேகர்.
சந்துபொந்துக்கென்று ஒரு குட்டி பிரஷ் தந்தார்,
அதற்குத் தனி பில்.

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்:
ஒன்பதாம் வகுப்பில் விடையில்லாமல் நின்றேன்.
இப்போது கேளுங்கள், டீச்சர்.
சிரியா வாய்.

கம்பி கழற்றிய மறுவாரம்
டிஷ்யூவில் சுற்றிவைத்த ரீடெய்னர்
கேன்டீன் குப்பைக்குப் போய்விட்டது.
கையுறை மாட்டிக்கொண்டு
மந்தாவும் நானும் கிளறினோம்,
சட்னி, டீத்தூள், யாரோ கடித்த வெள்ளரி.

அவள்தான் எடுத்தாள்.
தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.
ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்கள்,
ஒவ்வொன்றின் கழுத்தையும்
இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறது
ஈறு.