பத்துக்கு எத்தனை

கொழும்பிலிருந்து படிவம் வந்திருக்கிறது:
நோர்வெல் துடுப்பு இயந்திரத்தை
இன்னொருவருக்குப் பரிந்துரைப்பீர்களா,
பத்துக்கு எத்தனை?
அதன் கீழே ஒரேயொரு சொல் எழுத ஒரு கட்டம்:
நோர்வெல் என்றதும் நினைவுக்கு வருவது.

நான் ஸ்பேனர் பிடிக்கிறவன்.
ஹட்டனுக்கு மேலே ஏறி வர வேறு ஆளில்லாததால்
கேள்வியும் என் பையில்தான் வருகிறது,
கிறீஸ் டப்பாவோடு உரசிக்கொண்டு.

டவுன் ஜிம்மில் பஸ்லான் அதை
வீதிப் பக்கக் கண்ணாடியோரம் வைத்திருக்கிறார்.
பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பெயர் தெரிய வேண்டுமாம்.
"ஏறி இழுக்கிறவன் குறைவு சேர்,
ஆனா நோர்வெல் இருக்கிற ஜிம்முன்னா
மாசம் ஐந்நூறு கூடக் கேட்கலாம்."
பத்து போட்டார்.
இருக்கை உருளைகளில்
கடையில் வந்தபோது பூசிய எண்ணெய் அப்படியே இருந்தது.

மஸ்கெலியா ஹோட்டலில்
அணைக்கட்டு நீரைப் பார்த்தபடி போட்டிருக்கிறார்கள்.
வெயில் நாளில் விருந்தாளிகள் இறங்கி வந்து
பட்டுப்போல் ஓடுகிறது என்கிறார்களாம்.
மூடுபனி இறங்கி நீர் மறைந்தால் மட்டும்
இயந்திரம் இறுகிவிட்டது என்று
முகாமையாளர் திலகரத்ன எனக்குப் போன் எடுப்பார்.
மூன்று தடவை போயிருக்கிறேன்.
ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை.
தேத்தண்ணி குடித்துப் பனி விலகக் காத்திருந்து
சரி செய்தாயிற்று என்று கையொப்பம் வாங்கினேன்.

பொகவந்தலாவைப் பங்களாவில்
சின்னத்துரை இரண்டுதான் கொடுத்தார்.
தொட்டித் தண்ணீர் சாயத் தண்ணியாய்க் கறுத்திருந்தது.
"வெளிநாட்டுச் சாமான்னு சொன்னீங்க,
தண்ணி கெட்டுப்போச்சே?"
தண்ணீர் உங்கள் ஓடையுடையது என்று
நான் சொல்லவில்லை.
குளோரின் வில்லை ஒன்று போட்டேன்.
மூன்றாம் நாள் அவரே அழைத்து
எட்டாக்கிக்கொள் என்றார்.

படிவத்தில் இல்லாத வீடு டிக்கோயாவில் இருந்தது.
ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ், பின்வரிசை.
மரியசெல்வி, இரவுக் கடமைச் சிற்றூழியர்.
மூடிய ஹோட்டலொன்றின் ஏலத்தில்
நாலு தவணையில் எடுத்தது.
பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்.
வீட்டில் அதை ஓடம் என்கிறார்கள்.
நோர்வெல் என்று நான் சொன்னதும்
"ஓ, அதுக்குப் பேரு இருக்கா?" என்று
புது மருமகனைப் பார்ப்பதுபோல்
அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

திரை செத்துக் கிடந்தது.
எத்தனை மீற்றர் போவீர்கள் என்றேன்.
"மீற்றர் தெரியாது.
மேல்வீட்டு றேடியோவுல செய்தி தொடங்கி முடியிற வரைக்கும்.
அதுக்கப்புறம் புள்ளைக எழும்பிரும்."
பிறகு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி,
நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்:
"நான் நிறுத்தினா இது நிக்குது.
வார்டுலயும் சரி, வீட்டுலயும் சரி,
வேற எதுவும் அப்படி நிக்காது."

கட்டத்தில் ஒரு சொல்தான் கொள்ளும்.
எதை எழுதுவதென்று யோசித்துக்கொண்டே
போனைத் தட்டினேன்.
அது வரிசை எண்ணைக் கேட்டது.
உரிந்த ஒட்டியோடு அதுவும் போயிருந்தது.
எண் இல்லாதவர் வாடிக்கையாளர் அல்லர் என்று
திரை சிவந்து என்னைத் திருப்பி அனுப்பியது.

நைந்த இழுவைப் பட்டிக்குப் புதியது போட்டால்
அவர் ஏலத்தில் கொடுத்ததைவிட விலை கூட.
அதைச் சொன்னபோது
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
என் கைகளைத்தான் பார்த்தார்.
பையில் மோட்டார் சைக்கிள் சாமான் கட்டும்
நாடா ஒன்று இருந்தது.
கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும்.
தைத்தேன், முடிச்சிட்டேன்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு நானே உட்கார்ந்து
நீளமாக ஒரு இழுப்பு.

தொட்டிக்குள் தண்ணீர் புரண்டு விழுந்தது.

உள்ளறையிலிருந்து தூக்கக் குரல்:
"அம்மா, மழையா? உடுப்பு வெளியில கெடக்கு."

"மழை இல்லடா, படு.
கம்பெனி ஆளு வந்திருக்காரு."