ஏழாம் எண்ணுக்குக் கீழே

ஆர்டர் இல்லாத ஆடி மாதம்.
ஷூ கம்பெனியில் பத்து நாள் லீவு, அரைச் சம்பளம்.
"அரைச் சம்பளத்துக்கு ஊட்டியா போவாங்க?" என்ற நிலோஃபர்
அண்ணன் மகனின் கூடாரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு
மேல்விஷாரம் பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

ஆற்காடு தாண்டி, வாலாஜா தாண்டி
முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது காற்று.
திரும்பும்போது வசூலிக்கும் என்று
அப்போது தோன்றவில்லை.

காவேரிப்பாக்கம் கரைமேல் ஏறினால்
ஏரி இல்லை.
கதவைச் சாத்தாமல் கடைக்குப் போனவள்போல்
எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போயிருந்தது:
வெடித்த சேறு, கவிழ்ந்த பரிசல்,
மதகருகே ஒரு குட்டை, அதில் நான்கு நாரை.

மீன் குத்தகைக்காரரின் ஆள் ஏகாம்பரம்
மீன் இல்லாத மாதத்திலும் காவல் இருந்தார்.
"இன்னாமா, இப்ப வந்துகீறீங்க?
தையில வாங்க, ஏரி ததும்பும்."
"ததும்புனா டென்ட் எங்கண்ணா போடறது?"
நெடுநேரம் யோசித்தார்.
பாம்பு பார்த்துப் படுங்க என்று டார்ச்சைக் கொடுத்தார்.
உள்ளே பாட்டரி இல்லை.

வெடிப்பின்மேல் சைக்கிள் விட்டோம்,
பல் கிடுகிடுக்க, மணி தானாகவே அடிக்க.
அளவுக்கல்லின் ஏழாம் எண்ணுக்குக் கீழே
கூடாரம் போட்டோம்.
ஒரு கம்பி முறிந்திருந்தது.
அவள் சைக்கிளை நிறுத்தி அதில் துணியைக் கட்டினோம்.

கரைக்கு அப்பால் ராத்திரி முழுக்க
பெங்களூர் லாரிகள்.
மக்கன் பேடா ஆளுக்கு ஒன்று தின்று
விரலில் ஒட்டிய பாகை நக்கிக்கொண்டிருந்தபோது
"பதினோராம் நாள் நான் வரமாட்டேன்" என்றாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
எனக்குப் பக்கத்து மெஷின் அவளுடையது, ஆறு வருஷமாக.
தலைக்குமேல் இருக்க வேண்டிய தண்ணீரை
அடி அடியாக எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
எங்கோ மெல்லிசாக 'ஸ்ஸ்' என்றது.
பாம்பு என்று இருவரும் எழுந்து உட்கார்ந்தோம்.

பாம்பில்லை. வேலிக்காத்தான் முள்.
விடியும்போது டயர் தட்டையாகி, சைக்கிள் சரிந்து
கூடாரம் எங்கள் மூக்குவரை இறங்கியிருந்தது.
அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.
நாரைகள் ஒரு எட்டு தள்ளி நின்றன.

டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தோம்.
பஞ்சர் கடை திறக்க ஒன்பதாயிற்று.

வாலாஜாவரை எதிர்காற்று.
முன்னால் போனவள்
திரும்பாமலே ஏதோ சொன்னாள்.
சரி என்று கத்தினேன்.